கடம்பூரில் நிழல் ஏன் இருமுறை மறைகிறது?

கடம்பூர் கரிசல் காட்டில் மரநிழலே அரிது. நேராக நட்ட கம்பின் நிழலும் ஏப்ரல் 13 வாக்கில், பகல் 12.20 மணிக்குக் கம்பின் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஆகஸ்ட் 30 வாக்கில் மறுபடியும் அதே கதை. ஏன் இருமுறை?

ஊரின் அட்சரேகை வடக்கே சுமார் 9 பாகை. பூமியின் அச்சுச் சாய்வு 23.4 பாகை. மார்ச் மாதச் சம இரவு நாளிலிருந்து சூரியன் தன் பாதையில் நகர்ந்த கோணம் தீட்டா என்றால், சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் மறையும் நாளுக்கான சமன்பாடு இதுதான்:

சைன் 23.4° × சைன் தீட்டா = சைன் 9°

வகுத்தால் சைன் தீட்டா = 0.39. கால்குலேட்டர் 23° என்று ஒரே விடை தரும். அதோடு நிறுத்தினால் ஆகஸ்ட் தொலைந்துபோகும்! இரண்டாம் கால்பகுதியிலும் சைன் மிகைதான்; ஆகவே 180 − 23 = 157°-யும் விடை. 180-ஐத் தாண்டினால் 360 வரை சைன் குறையாகிவிடும், அங்கே தேட வேண்டாம். 383°-யும் பொருந்தும், ஆனால் அது அடுத்த ஆண்டின் ஏப்ரல். இத்தகைய கணக்கு வினாவில் '0 முதல் 360 வரை' என்று இடைவெளி கொடுப்பது இதற்காகத்தான்.

டெல்லியின் 28.6 பாகையைப் போட்டால் சைன் தீட்டா 1.2 ஆகிறது. சைன் ஒருபோதும் 1-ஐத் தாண்டாது. டெல்லியில் நிழல் மறையும் நாளே கிடையாது.