விடுதலைக்குப் பின் வரும் பதினான்கு நாட்கள்



சிறையிலிருப்போருக்காக நாம் ஜெபிக்கும்போதெல்லாம், அவர்களுக்குச் சீக்கிரம் விடுதலை கிடைக்க வேண்டும் என்றே கேட்கிறோம். நல்ல ஜெபம்தான். ஆனால் போதைப்பொருளுக்கு அடிமைப்பட்ட கைதிக்கு மிகவும் ஆபத்தான காலம் அந்த விடுதலையோடுதான் தொடங்குகிறது என்பதை நம்மில் அநேகர் அறியோம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 1999 முதல் 2003 வரை சிறையிலிருந்து வெளிவந்த 30,237 பேரைப் பற்றிய ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் மரிக்கும் அபாயம் அம்மாநிலத்தின் மற்ற மக்களைவிட ஏறக்குறைய 13 மடங்கு. போதைப்பொருள் அளவு மீறியதால் மரிக்கும் அபாயமோ 129 மடங்கு!

ஏன் இப்படி? ஹெராயின் போன்றவற்றை நாள்தோறும் உட்கொள்ளுகிறவரின் உடல் அதைத் தாங்கப் பழகிவிடுகிறது. சிறையில் பல மாதங்கள் அது கிடைக்காதபோது, தாங்கும் சக்தி குறைந்துபோகிறது. ஏக்கமோ உள்ளே அப்படியே இருக்கிறது. வெளியே வந்ததும் பழைய அளவையே எடுக்கிறார். உடல் தாங்குவதில்லை, மூச்சு மெதுவாகி நின்றுவிடுகிறது. ஆகவே, அடைத்து வைத்தாலே பழக்கம் போய்விடும் என்பது தவறான எண்ணம்.

இதற்கு வழி உண்டா? அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமாகிய ரோட் ஐலண்ட் 2016-இல் ஒரு வழியைக் காட்டியது. சிறைக்கு வருகிற ஒவ்வொருவரும் பரிசோதிக்கப்படுகிறார். தேவைப்படுகிறவர்களுக்கு ஆலோசனையோடு மருந்தும் தரப்படுகிறது. மெத்தடோன், புப்ரினார்ஃபின் ஆகிய இரண்டும் ஏக்கத்தைத் தணிக்கின்றன. நால்ட்ரெக்சோன் போதை ஏறாதபடி தடுக்கிறது. எது ஏற்றது என்பதை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: விடுதலையானவர் வெளியிலுள்ள சிகிச்சை நிலையத்தில் அதே மருந்தை இடைவிடாமல் பெற முன்னதாகவே ஏற்பாடு செய்யப்படுகிறது.

2016-இன் முதல் ஆறு மாதங்களில் அம்மாநிலத்தில் போதைப்பொருளால் மரித்தவர்களுள், அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்கள் 26 பேர். 2017-இன் அதே மாதங்களில் 9 பேர். சிறிய எண்கள்தான்; குறுகிய காலம்தான். ஆயினும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு தாய் இருக்கிறாள்.

"ஒரு போதைக்குப் பதிலாக இன்னொரு போதையா?" என்று சிலர் கேட்பார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். மன உறுதியும் ஜெபமும் இருந்தால் போதும் என்றிருந்தேன். ஆனால் இரத்த அழுத்தத்திற்கு நாள்தோறும் மாத்திரை சாப்பிடுகிற மூப்பரிடம் நாம் அவ்விதம் கேட்பதில்லையே! சரியான அளவில் கொடுக்கப்படும் இம்மருந்துகள் மயக்குவதில்லை. அவர் எழுந்து வேலைக்குப் போகவும், பிள்ளைகளின் முகம் பார்க்கவும் உதவுகின்றன.

அன்பானவர்களே, சிறைச்சாலை ஊழியத்தை நாம் சிறை வாசலோடு முடித்துவிடக் கூடாது. விடுதலையாகும் நாளில் வாசலில் காத்திருக்க ஒருவர், அன்றிரவு தங்க ஓர் இடம், மறுநாள் மருத்துவரிடம் கூட்டிச் செல்ல ஒரு துணை வேண்டும். நாள் குறித்து ஜெபிக்கிற நாம், அதற்குப் பின்வரும் பதினான்கு நாட்களுக்காகவும் ஜெபிப்போம். அந்நாட்களில் கூடவும் நிற்போம்.