நல அதிகாரி யார் பக்கம்?

சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்றால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கிறார்கள் தோழர்கள். உண்டு, வேலை! மருத்துவமனையிலே உண்டு; குழந்தைகள் இல்லத்திலே உண்டு; ஆலையிலே நல அதிகாரி பதவியும் உண்டு.

500 தொழிலாளர் உழைக்கும் ஆலையிலே நல அதிகாரி இருந்தே தீரவேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அதை 250 ஆகக் குறைத்தது. வாயில் அகன்றது, வரவேற்கிறோம்!

ஆனால், அவருக்குச் சம்பளம் தருபவர் முதலாளி. அவர் காக்கவேண்டியதோ தொழிலாளியின் நலம்! குடிநீர்க் குழாய் வறண்டு கிடக்கிறது, குழந்தைக் காப்பகம் பூட்டிக் கிடக்கிறது என்று முறையிட்டால், அவர் பேனா எந்தப் பக்கம் சாயும்?

படிக்கட்டும் நம் பிள்ளைகள்! பட்டம் பெறட்டும், பதவி ஏறட்டும்! அந்த நாற்காலியில் அமரும் நாளில், தந்தையின் காய்த்துப்போன கைகளை மட்டும் மறவாதிருக்கட்டும்!