கண்ணாடித் தொட்டிக்குள் கடல்! கரண்டு போனால் என்ன ஆகும்?

பவளம் கல் அல்ல, செடியும் அல்ல. அது ஒரு பிராணி! எண்ணற்ற சின்னஞ்சிறு பிராணிகள் சேர்ந்து கட்டிய வீடுதான் பவளப்பாறை.

அந்தப் பிராணியால் நடக்க முடியாது. நீந்தவும் முடியாது. இருந்த இடத்திலேயே வாயைத் திறந்து காத்திருக்கும். இரையும் பிராணவாயுவும் தண்ணீரோடு ஓடிவர வேண்டும். கழிவையும் தண்ணீர்தான் அடித்துக்கொண்டு போக வேண்டும். கடலில் இந்த வேலையை அலை செய்கிறது. கண்ணாடித் தொட்டியில்? பம்பும் குழாயும்தான் அலை!

பம்பு என்றாலே கோவைதான் நினைவுக்கு வரும். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஓடத் தொடங்கியது. கிணற்று மோட்டாரோடு பழகிய கொங்கு நாட்டு மக்களுக்கு இந்த வித்தை எளிதில் விளங்கும்.

லண்டனில் ஓடிய கடல்

1871-ல் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் மீன் காட்சிசாலை திறந்தார்கள். அங்கும் பக்கத்தில் கடல் இல்லை. வில்லியம் ஆல்போர்டு லாயிடு என்பவர் ஓர் ஏற்பாடு செய்தார். மேலே காட்சித் தொட்டிகள். கீழே இருட்டில், அவற்றைவிடப் பெரிய ஒரு தொட்டி. பம்பு கடல்நீரை மேலே ஏற்றும். அது தொட்டிகளில் ஓடி மீண்டும் கீழே வரும். அதே தண்ணீர், திரும்பத் திரும்ப! இன்று வீட்டுத் தொட்டியிலும் இதே முறைதான்.

ஏரிக்குக் கலிங்கு போல

300 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். நீளம் 120 சென்டிமீட்டர். அகலமும் நீரின் உயரமும் 50. ஏரிக்குக் கலிங்கு இருப்பதுபோல், தொட்டியின் ஓரத்தில் ஒரு தடுப்பு. அழுக்கு ஏடு மேலே மிதப்பதால், அதுதான் முதலில் தடுப்பைத் தாண்டி வழியும். குழாய் வழியே அது அடித்தொட்டிக்குப் போகும். அங்கே ஒரு கருவி கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும். பிறகு பம்பு நீரை மேலே அனுப்பும். மணிக்கு 900 முதல் 1,500 லிட்டர் போதும். அலை உண்டாக்கத் தொட்டிக்குள் சிறு விசிறிப் பம்புகள் தனியாக வேண்டும்.

இறங்கும் குழாய் ஒன்று போதாது. ஒரு நத்தை புகுந்து அடைத்தாலும் தொட்டி வழிந்துவிடும். ஆகவே வால்வு இல்லாத இரண்டாவது குழாய் அவசியம்.

பெட்டியை நம்பாதீர்கள்

பம்புப் பெட்டியில் 'மணிக்கு 2,000 லிட்டர்' என்று போட்டிருக்கும். அது தண்ணீரை உயரே ஏற்றாதபோது உள்ள கணக்கு. கிணற்றில் நீர் கீழே போனால், அதே மோட்டார் குறைவாகத்தானே இறைக்கும்? இங்கும் அப்படியே. ஒவ்வொரு எல்போவும் வேகத்தைக் குறைக்கும். அகலமான குழாய், குறைந்த வளைவு: இதுவே நல்லது.

கிணற்று பம்பையே வைக்கலாமா? கூடாது! பித்தளையை உப்புநீர் அரிக்கும். அதிலிருந்து கரையும் செம்பு பவளத்துக்கு விஷம். பிளாஸ்டிக் பம்பும் பி.வி.சி. குழாயும்தான் ஏற்றவை.

கரண்டு போகும் நேரம்

மோட்டார் நின்றதும் மேல்தொட்டி நீர், ஏற்றும் குழாய் வழியே தலைகீழாக இறங்கும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 3 சென்டிமீட்டர் கீழே இருந்தால் சுமார் 18 லிட்டர் இறங்கும். 30 சென்டிமீட்டர் கீழே இருந்தால் 180 லிட்டர்! அடித்தொட்டி நிரம்பி, வீடே உப்புநீரில் மிதக்கும்.

திரும்பாத வால்வு போட்டால் போதாதா? கிணற்று புட்வால்வில் சருகு சிக்கினால் என்ன ஆகும் என்பது விவசாயிக்குத் தெரியும். இங்கே சிப்பியும் உப்பும் சிக்கும். குழாயின் வாயை மேலேயே வையுங்கள். இறங்கும் நீருக்கு அடித்தொட்டியில் இடம் விடுங்கள். பிறகு மோட்டாரை நிறுத்திச் சோதித்துப் பாருங்கள்.

ஓட்டம் நின்றால் பிராணவாயுவும் குறையும். பாட்டரியில் ஓடும் சிறு காற்று பம்பு, மீன்களின் உயிரைக் காக்கும்.

கடலில் கை வைக்காதீர்

ஒரு முக்கிய எச்சரிக்கை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. 1986-ல் அது கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001 முதல் கல் பவளங்கள், புலியைப் போலவே, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அங்கிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். வீட்டுக்குச் செயற்கைக் கல்லும், பண்ணையில் பொரித்த கோமாளி மீனும் போதும். குழாய் ஏற்பாடு அதேதான்.

2016-ல் அங்கே கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன; பல செத்தன. தொட்டியில் கோளாறு வந்தால் மாற்று பம்பு வாங்கலாம். கடலுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது.