ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் சைகோன்

“உனக்கு எத்தனை வயது?”

தலைக்கவசத்தை என்னிடம் நீட்டிய வழிகாட்டி கேட்ட முதல் கேள்வி அது. பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்டார். இருபது என்றேன். அவருக்கு இருபத்தாறாம். “அப்படியானால் நீ எனக்கு ‘எம்’. நான் உனக்கு ‘சீ’,” என்றார்.

வியட்னாமிய மொழியில் எல்லாரையும் ஒரே ‘நீ’யில் அடக்கிவிட முடியாது. எதிரில் இருப்பவர் அக்காவா, தங்கையா, மாமாவா, பாட்டியா என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். அதனால்தான் வயது முதலில் தெரியவேண்டும். முன்பின் தெரியாதவரையும் ‘அண்ணே’, ‘ஆன்ட்டி’ என்று அழைத்துப் பழகிய எனக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனால் ‘சீ’ என்று அழைக்கத்தான் நாக்கு மறுத்தது. நம் காதுக்கு அது ஏசுவதுபோல் அல்லவா இருக்கிறது! ‘அக்கா’ என்றே அழைக்கட்டுமா என்றேன். பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதித்தார்.

கடந்த டிசம்பர் விடுமுறையில் பல்கலைக்கழகத் தோழிகள் இருவருடன் ஹோ சி மின் நகருக்குச் சென்றிருந்தேன். 1976ஆம் ஆண்டு பெயர் மாறிய பிறகும் உள்ளூர் மக்கள் பலருக்கு அது இன்னும் ‘சைகோன்’தான். மூன்று பெண்கள் ஓட்ட, மூன்று ஸ்கூட்டர்களின் பின்னிருக்கையில் நாங்கள் மூவர். வரலாற்றுச் சின்னங்களை அரை நாளில் சுற்றிக்காட்டுவதாக ஏற்பாடு.

ஏழு மில்லியனுக்கும் மேற்பட்ட மோட்டார்சைக்கிள்கள் ஓடும் நகரம் அது. முதல் சந்திப்பில் நான்கு திசைகளிலிருந்தும் வண்டிகள் எங்களை நோக்கி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். “யாரும் வேகமாகப் போவதில்லை, எம். திடீரென்று நிற்காமல் இருந்தால் போதும். மற்றவர்கள் விலகிப் போவார்கள்,” என்றார் அக்கா. பத்து நிமிடத்தில் கண்ணைத் திறந்தேன்.

நான் சொன்ன முதல் தவறு

காலை ஏழரை மணிக்குச் சைகோன் மத்திய அஞ்சல் நிலையம். மஞ்சள் சுவர், உயர்ந்த வளைகூரை, இரும்புத் தூண்கள். “இது பாரிஸ் ஈஃபில் கோபுரத்தைக் கட்டியவரின் வடிவமைப்பு, இல்லையா?” என்று, படித்துவிட்டு வந்த பெருமையில் கேட்டேன்.

அக்கா சிரித்தார். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் அவரிடம் அப்படிச் சொல்கிறார்களாம். குஸ்தாவ் ஈஃபிலுக்கும் இந்தக் கட்டடத்துக்கும் தொடர்பில்லை. 1886 முதல் 1891 வரை நடந்த கட்டுமானத்தின் பின்னணியில் இருந்தவர் ஆல்ஃபிரட் ஃபூலூ என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். இணையத்தில் பல பக்கங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதில் ஈஃபிலின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. முதல் நாள் இரவே அந்தப் பெயரைப் போட்டு இன்ஸ்டகிராமில் நான் ஒரு பதிவு எழுதியிருந்தேன். அங்கேயே நின்று அதை நீக்கினேன்.

உள்ளே இரு பக்கச் சுவர்களிலும் பழைய வரைபடங்கள் தீட்டப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று, தென் வியட்னாமையும் கம்போடியாவையும் இணைத்த 1892ஆம் ஆண்டுத் தந்திக் கம்பிகளைக் காட்டுகிறது. அழகுக்காக வரைந்தது போலிருந்தாலும், ஆட்சியாளர்களின் உத்தரவு எவ்வளவு தூரம் எட்டியது என்பதைச் சொல்லும் படம் அது. எதிரே நோட்ர டாம் தேவாலயம். 1877க்கும் 1880க்கும் இடையில், மார்சேய் நகரிலிருந்து கப்பலில் வந்த செங்கற்களால் எழுப்பப்பட்டது. 2017 முதல் பழுதுபார்ப்புப் பணிகள் நடப்பதால் சாரத்தோடுதான் பார்த்தோம்.

உயர்நிலை நான்கில் எழுதிய பதில்

அடுத்து லி து சொங் சாலையில், 22ஆம் எண் கட்டடத்துக்கு எதிரே வண்டி நின்றது. பார்க்கச் சாதாரணக் கட்டடம். “மேலே பார்,” என்றார் அக்கா. கூரையின் மீது மின்தூக்கி இயந்திரத்துக்காகக் கட்டிய சிறு அறை தெரிந்தது.

வரலாற்றுப் பாடம் எடுத்தவர்களுக்கு அந்தப் படம் தெரிந்திருக்கும். கூரை மேல் ஹெலிகாப்டர். ஏணியில் வரிசையாக ஏறும் மக்கள். மேலிருந்து கை நீட்டும் ஒருவர். 1975 ஏப்ரல் 29ஆம் தேதி, சைகோன் வீழ்வதற்கு முதல் நாள், ஹூபர்ட் வான் எஸ் என்ற படப்பிடிப்பாளர் எடுத்தது. ‘அமெரிக்கத் தூதரகக் கூரையிலிருந்து தப்பிக்கும் மக்கள்’ என்று உயர்நிலை நான்கில் நான் எழுதினேன்.

அது தூதரகமே அல்ல. அமெரிக்க அரசாங்க ஊழியர்கள் தங்கியிருந்த குடியிருப்புக் கட்டடம். அப்போது அந்தச் சாலையின் பெயர் ஜா லொங். தூதரகம் வேறொரு சாலையில் இருந்தது. படத்தோடு பத்திரிகைகளில் வந்த தவறான விளக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. அதைத் திருத்த வான் எஸ் பல ஆண்டுகள் முயன்றிருக்கிறார்.

ஆதாரங்களின் நம்பகத்தன்மையை ஆராயும்படி நம் தேர்வுகளில் கேட்பார்கள். யார் எழுதினார், எப்போது எழுதினார், எதற்காக எழுதினார் என்று பட்டியலிட்டு மதிப்பெண் வாங்கியவள் நான். ஒரு படத்தின் கீழுள்ள விளக்கத்தைச் சந்தேகிக்க மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

எந்த டாங்கி முதலில் வந்தது?

விடுதலை மாளிகைக்குச் சென்றபோது சற்று விழிப்பாகவே இருந்தேன். பிரெஞ்சு ஆட்சியில் கட்டிய நோரடோம் மாளிகை இருந்த இடம் அது. 1962 பிப்ரவரி 27ஆம் தேதி அதிபர் நோ தின் சியெமைக் கொல்ல, அவருடைய சொந்த ஆகாயப்படை விமானிகள் இருவரே அதன்மீது குண்டு போட்டனர். சியெம் தப்பினார். சேதமடைந்த மாளிகையை இடித்துவிட்டுப் புதிது கட்ட உத்தரவிட்டார். நோ வியெட் து என்ற வியட்னாமியர் அதை வடிவமைத்தார். 1966ல் கட்டி முடித்தபோது சியெம் உயிரோடு இல்லை. 1963 நவம்பரில் ஆட்சிக் கவிழ்ப்பில் கொல்லப்பட்டிருந்தார்.

1975 ஏப்ரல் 30ஆம் தேதி வட வியட்னாமிய டாங்கிகள் இந்த மாளிகையின் வாயிற்கதவை முட்டித் திறந்ததோடு போர் முடிந்தது. முதலில் நுழைந்தது 843ஆம் எண் டாங்கி என்றே நீண்டகாலம் சொல்லப்பட்டது. உண்மையில் 843 பக்கவாட்டுக் கதவில் மோதி நின்றுவிட்டது. நடுக்கதவை உடைத்து நுழைந்தது 390. பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் பிரான்சுவாஸ் தெமுல்தே அன்று எடுத்த படம் பின்னாளில் வெளியானபோதுதான் 390ன் வீரர்களுக்கு அந்தப் பெருமை வந்து சேர்ந்தது. வென்றவர்களின் கதையிலும் திருத்தம் தேவைப்பட்டிருக்கிறது. இப்போது புல்வெளியில் நிற்பவை அதே வகை டாங்கிகள். அசல் வண்டிகள் ஹனோயில் இருக்கின்றன.

மாளிகையின் அடியில் நிலவறைகள். கான்கிரீட் சுவர்கள், பழைய வானொலிக் கருவிகள், தொலைபேசிகள், போர்க்கள வரைபடங்கள். மேலே விருந்து மண்டபங்களைக் கண்டு ‘செல்ஃபி’ எடுத்துக்கொண்ட நாங்கள் கீழே எதுவும் பேசவில்லை.

ஊதுவத்தி மூன்று

நுயென் தின் சியெவ், காக் மாங் தாங் தாம் என்ற இரு பெரிய சாலைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு பூங்கா. வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே தீச்சுடர்கள் சூழ அமர்ந்திருக்கும் ஒரு துறவியின் வெண்கலச் சிலை. திக் குவாங் டுக்.

1963 மே மாதம் ஹுவே நகரில், விசாக நாளன்று பெளத்தக் கொடி ஏற்றத் தடை விதிக்கப்பட்டது. எதிர்த்துக் கூடியவர்கள்மீது அரசாங்கப் படை சுட்டதில் உயிர்கள் பறிபோயின. கத்தோலிக்கரான சியெமின் ஆட்சியில் பெளத்தர்கள் சந்தித்த பாகுபாட்டை எதிர்த்து, ஜூன் 11ஆம் தேதி இந்தச் சந்திப்பில் அந்தத் துறவி தம் உடலுக்குத் தீமூட்டிக்கொண்டார். மால்கம் பிரௌன் எடுத்த படம் உலகச் செய்தித்தாள்களில் வெளியானது.

அக்கா அங்கு எதையும் விளக்கவில்லை. பையிலிருந்து மூன்று ஊதுவத்திகளை எடுத்துப் பற்றவைத்து வணங்கிவிட்டு வந்தார். நாங்களும் கைகூப்பினோம்.

இன்ஜின் சத்தத்தில் சொன்ன கதை

அதற்கடுத்த போர் நினைவு அரும்பொருளகத்துக்குள் மட்டும் அக்கா வரவில்லை. “நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், வெளியே காப்பி குடிக்கிறேன்,” என்றார்.

1975 செப்டம்பரில் திறக்கப்பட்ட அந்த இடத்தின் முதல் பெயரிலேயே அமெரிக்காவின் ‘குற்றங்கள்’ என்ற சொல் இருந்தது. அமெரிக்காவுடனான உறவு மேம்படத் தொடங்கியதும் பெயர் மாறியது. ஏஜன்ட் ஆரஞ்ச் ரசாயனத்தால் பிறவிக் குறைபாடுகளோடு வாழும் பிள்ளைகளின் படங்கள் உள்ள அறையில் என் தோழி ஒருத்தியால் நிற்க முடியவில்லை. வெளியே போய்விட்டாள். போரைப் படமெடுத்து அதிலேயே மாண்ட இரு தரப்புப் படப்பிடிப்பாளர்களின் படங்கள் இன்னொரு கூடத்தில் உள்ளன. அங்குதான் அதிக நேரம் நின்றேன்.

திரும்பி வந்து வண்டியில் ஏறினேன். சாலைக்கு வந்தபின், முகத்தைத் திருப்பாமலே அக்கா பேசினார்.

“என் தாத்தா தோற்ற பக்கத்தில் இருந்தவர், எம்.”

தென் வியட்னாமிய ராணுவத்தில் சிப்பாயாக இருந்தாராம். 1975க்குப் பிறகு ‘மறுகல்வி’ முகாமில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவர், அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. பாட்டியின் தம்பியோ வென்ற பக்கத்தில் போரிட்டு மாண்டவர். சீருடையில் தாத்தா எடுத்துக்கொண்ட ஒரே படத்தை, வீட்டைச் சோதிக்க வருவார்கள் என்று பயந்து பாட்டி அடுப்பில் போட்டுவிட்டார். இன்று வீட்டு வழிபாட்டு மாடத்தில் இருவர் படமும் பக்கத்தில் பக்கத்தில். தம்பி சீருடையில், தாத்தா வயதான காலத்துச் சட்டையில்.

“உள்ளே இருப்பதெல்லாம் உண்மைதான். ஆனால் என் தாத்தா அங்கே எந்தச் சுவரிலும் இல்லை,” என்றார்.

இதைக் கட்டுரையில் எழுதலாமா என்று பிறகு கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “எழுது, என் பெயர் வேண்டாம்,” என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரை முழுவதும் அவர் வெறும் ‘அக்கா’.

மாரியம்மனிடம் வழி கேட்டவர்

கடைசி நிறுத்தம் எங்களுக்காகவே அவர் சேர்த்தது: பென் தான் சந்தைக்கு அருகே, சுவோங் தின் சாலையில் உள்ள மாரியம்மன் கோயில். கோபுரத்தைக் கண்டதும் சிராங்கூன் சாலைக்கே வந்துவிட்டது போலிருந்தது. உள்ளே பார்த்தால் வந்திருந்தவர்கள் பெரும்பாலும் வியட்னாமியர்கள். கையில் மல்லிகை, ஊதுவத்தி.

பாண்டிச்சேரியும் காரைக்காலும் சைகோனும் ஒரே பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த காலத்தில் தமிழர்கள் இங்கு எழுத்தர்களாக, காவலர்களாக, சுங்க ஊழியர்களாக வந்தனர். நகரத்தார் வட்டிக்கடை நடத்தி, மீக்கோங் பகுதியின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தனர். அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் சற்றுத் தொலைவில் தொன் தாட் தியெப் சாலையில் இருக்கிறது. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935ல் கட்டிய பள்ளிவாசல் டொங் டு சாலையில். 1975க்குப் பிறகு இந்தியர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டனர். அம்மனை விட்டுவிடாமல் கும்பிட்டு வருபவர்கள் உள்ளூர் மக்களே.

“இங்கே எப்படிக் கும்பிடவேண்டும்? உனக்குத் தெரிந்திருக்குமே,” என்றார் அக்கா. நான் விழித்தேன். தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் கோயிலுக்குப் போகிறவள் என்ன சொல்வது? அருகிலிருந்த வயதான வியட்னாமிய அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக் கருவறைக்குப் பின்புறம் அழைத்துச் சென்றார். அங்கே கற்சுவரில் நெற்றியை வைத்து, மனத்தில் உள்ளதை மெதுவாகச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். பக்கத்தில் அக்காவும் நெற்றியைச் சுவரில் வைத்து நீண்ட நேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் போவதானால்

சைகோனுக்குச் செல்லும் மாணவர்கள் ஸ்கூட்டர் உலாவைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். பேருந்தில் போனால் ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் பொதுவான கதைதான் கிடைக்கும். வண்டியை நீங்களே வாடகைக்கு எடுத்து ஓட்டும் ஆசை மட்டும் வேண்டாம். செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் விபத்தில் சிக்கினால் பயணக் காப்புறுதி கைகொடுக்காது. தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். வார் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். கோயில்களுக்காகத் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை அணியுங்கள். வெயிலுக்கு முன், காலையிலேயே கிளம்புங்கள்.

புறப்படுமுன் பார்க்கப்போகும் இடங்களில் ஒன்றைப் பற்றியாவது இரண்டு வெவ்வேறு நூல்களில் படித்துவிட்டுப் போங்கள். இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று குறித்துக்கொண்டு, அதை வழிகாட்டியிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள்.

விடுதி வாசலில் தலைக்கவசத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, “ஊர் போய்ச் சேர்ந்ததும் தகவல் அனுப்பு, எம்,” என்றார் அக்கா. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலையாக அனுப்பினேன். ‘பத்திரமாக வந்துவிட்டேன், சீ.’