சாவியை மறந்தால் பரவாயில்லை... தெருவை மறந்தால் டாக்டரை பாருங்க!

திருச்சி:

பஸ் டிக்கெட்டை சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு செக்கரிடம் திருதிருவென முழிப்பது, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்க தேடுவது... இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் நாளுக்கு நாள் மறதி கூடிக்கொண்டே போனாலும், "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று பல குடும்பங்களில் விட்டுவிடுகிறார்கள். அதுதான் தப்பு. மறதிக்கான காரணங்களில் பல, சிகிச்சையில் சரியாகக்கூடியவை.

எது சாதாரணம்?

ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். கோவிலைச் சுற்றி உத்திர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அதற்கும் வெளியே அடையவளஞ்சான் வீதி. வெளியூர்க்காரர் வடக்கு உத்திர வீதிக்கு பதிலாக வடக்கு சித்திரை வீதியில் போய் நின்றால் அது மறதியே அல்ல. செருப்பை எங்கே விட்டோம் என்று உள்ளூர்க்காரர் யோசிப்பதும் சாதாரணம்தான். கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்துவிடும்.

ஆனால் 40 வருஷமாக அதே வீதியில் குடியிருப்பவர், பால் வாங்கப் போய்விட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால் அது சாதாரண மறதி அல்ல.

தூக்கம் கெட்டால்...

பகலில் பார்த்ததை, கேட்டதை மூளை பதிய வைப்பது பெரும்பாலும் தூக்கத்தில்தான். காந்தி மார்க்கெட்டில் விடிய விடிய மூட்டை தூக்குபவர்கள், நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் பகலிலும் சரியாக தூங்காவிட்டால் மறதி வரும். கடன் கவலை, மனச்சோர்வு இருந்தாலும் சொன்னது மனதில் பதியாது. தினமும் குடிப்பவர்களுக்கு பி1 வைட்டமின் குறைந்து ஞாபக சக்தி அடிவாங்கும்.

பி12 வைட்டமின் குறைவு இன்னொரு காரணம். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் இது கிடைக்கிறது. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோய்க்கு பல வருஷமாக மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதை பரிசோதித்துக்கொள்வது நல்லது. தைராய்டு குறைவும் மந்தத்தையும் மறதியையும் கொண்டு வரும். இரண்டையும் ரத்த பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். தூக்க மாத்திரை, சில சளி, அலர்ஜி மாத்திரைகளும் முதியவர்களை குழப்பிவிடும்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

* ஒரே கேள்வியை 10 நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்பது
* தெரிந்த தெருவில் வழி தவறுவது
* சில்லறை எண்ண, பழகிய சமையலை செய்ய திணறுவது
* அடுப்பை அணைக்காமல் அடிக்கடி விட்டுவிடுவது
* குணம் மாறுவது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது

இப்படி இருப்பவர்களுக்கு தன் மறதியே தெரியாமல் இருக்கலாம். கவனிக்க வேண்டியது வீட்டில் உள்ளவர்கள்தான். நாட்டில் 60 வயதை தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்சியா எனும் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டுள்ளது. அல்சைமர் போன்ற நோயை முழுசாக குணப்படுத்த முடியாது. ஆனாலும் முன்கூட்டியே தெரிந்தால் மருந்து, பராமரிப்பு மூலம் நிறைய சமாளிக்கலாம்.

உடனே 108

நேற்று வரை நன்றாக இருந்தவர் திடீரென குழம்பினால் காத்திருக்கக்கூடாது. வாய் கோணுவது, ஒரு பக்க கை, கால் விழுவது, பேச்சு குளறுவது பக்கவாதத்தின் அறிகுறி. ரத்தக்கட்டியை கரைக்கும் ஊசியை பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சர்க்கரை நோயாளி வியர்த்துக் குழம்பினால் சர்க்கரை அளவு இறங்கியிருக்கலாம். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரை கொடுக்கலாம். காய்ச்சல், சிறுநீர் தொற்றும் முதியவர்களை குழப்பும். கீழே விழுந்து தலையில் அடிபட்டவருக்கு சில வாரம் கழித்து மறதி வந்தாலும் ஸ்கேன் தேவைப்படும்.

எங்கே காட்டுவது?

புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரியிலோ, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலோ பொது மருத்துவ டாக்டரிடம் முதலில் காட்டலாம். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். மறதி எப்போது ஆரம்பித்தது என்று சொல்லத் தெரிந்தவர் கூடப் போவது முக்கியம்.

மறதி உள்ள பெரியவரை வைகுண்ட ஏகாதசி கூட்டத்துக்கு அழைத்துப் போனால், பெயரும் வீட்டு போன் நம்பரும் எழுதிய சீட்டை அவர் சட்டைப் பையிலோ, முந்தானையிலோ வைத்துவிடுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணில் பேசலாம். எல்லாவற்றுக்கும் மேல், "எத்தனை தடவை சொல்றது?" என்று அவரிடம் எரிந்து விழாதீர்கள். அவர் வேண்டுமென்று மறக்கவில்லை.