பத்துப் பேரும் கீழ்ப்படிந்தார்கள், ஒருவரே திரும்பி வந்தார்



புதன்கிழமைதோறும் சதா சகாய அன்னையின் நவநாளில் பங்கேற்கும் நமக்கு ஒரு காட்சி மிகவும் பழக்கமானது. பெட்டியில் சேர்ந்த கடிதங்களை எடுத்து வாசிப்பார்கள். முதலில் விண்ணப்பங்கள், அடுத்து நன்றியறிதல்கள். மகனுக்கு வேலை, மகளுக்குத் திருமணம், குழந்தைப்பேறு, அறுவை சிகிச்சை, தீராத கடன், வீட்டில் குடிப்பழக்கம் என்று விண்ணப்பக் கட்டு கனமாக இருக்கும். நன்றிக் கடிதங்களோ பல வாரங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

அப்படியென்றால் இறைவன் நம் மன்றாட்டுக்குச் செவிசாய்க்கவில்லையா? செவிசாய்த்தார் என்பது நமக்கே தெரியும். வேலை கிடைத்தது; அந்த வேலையால் புதன்கிழமை மாலை கோவிலுக்கு வர முடியவில்லை. குழந்தை பிறந்தது, குழந்தையைக் கவனிக்கவே நேரம் சரியாகப் போய்விடுகிறது. கேட்டவர்கள் நாம்; பெற்றவர்கள் நாம்; எழுத மறந்தவர்களும் நாம்தான்.

இந்த மறதியை நம் கண்முன் நிறுத்துகிறது லூக்கா நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் (11 முதல் 19 வரை) நாம் காணும் பத்துத் தொழுநோயாளரின் நிகழ்வு.

தொலைவில் நின்று எழுப்பிய குரல்

இயேசு எருசலேமை நோக்கிப் போகும் வழியில், கலிலேயாவுக்கும் சமாரியாவுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஓர் ஊருக்குள் வருகிறார். பத்துத் தொழுநோயாளர் அவருக்கு எதிரே வந்து தொலைவிலேயே நின்றுவிடுகிறார்கள். லேவியர் நூல் 13ஆம் அதிகாரத்தின் சட்டப்படி, இந்த நோய் கண்டவர் கிழிந்த உடை உடுத்தி, தாம் தீட்டுள்ளவர் என்று தாமே கத்திக்கொண்டு, குடியிருப்புக்கு வெளியே தனியாக வாழவேண்டும். பலவகைத் தோல் நோய்களையும் அன்று இந்த ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள். தன் பிள்ளையைத் தொட்டுத் தூக்க முடியாது; வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாது. உயிரோடு இருக்கும்போதே உறவுகளை இழந்த நிலை அது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் சமாரியர். யூதரும் சமாரியரும் ஒருவரோடு ஒருவர் பழகாத காலம் அது. நலமாக இருந்த நாள்களில் எதிரெதிராக நின்றவர்களைத் துன்பம் ஒன்றாக்கிவிட்டது. மருத்துவமனை வார்டில் சாதியும் ஊரும் பாராமல் ஒரே பிளாஸ்க்கில் வெந்நீர் பகிர்ந்துகொண்டவர்களுக்கு இது புரியும்.

பத்துப் பேரும் இயேசுவின் பெயரைச் சொல்லி, தங்களுக்கு இரங்கும்படி உரக்கக் கேட்கிறார்கள். இன்னது வேண்டும் என்று விளக்கவில்லை. தங்கள் தகுதியையும் எடுத்துச் சொல்லவில்லை. இது நல்ல மன்றாட்டு. பத்துப் பேரின் மன்றாட்டிலும் குறையே இல்லை.

நோயோடு தொடங்கிய நடை

இயேசு அவர்களைத் தொடவில்லை. குருக்களிடம் போய்த் தங்களைக் காட்டும்படி சொல்லி அனுப்புகிறார். இதன் பொருளை அறிய லேவியர் நூல் 14ஆம் அதிகாரத்தைப் பார்க்கவேண்டும். நோய் நீங்கியதைச் சோதித்து உறுதிசெய்வது குருவின் பணி. அதன்பின் இரண்டு பறவைகளைக் கொண்டுவருவார்கள். ஒன்றைக் கொல்வார்கள், மற்றொன்றை வெட்டவெளியில் பறக்கவிடுவார்கள். நலம் பெற்றவர் உடையைத் துவைத்து, முடியை மழித்து, குளித்து, ஏழு நாள் காத்திருந்து, எட்டாம் நாள் பலி செலுத்துவார். அதன் பிறகே வழக்கமான வாழ்வுக்கு முழுமையாகத் திரும்புவார்.

அதாவது, நலம் பெற்றவர் போகவேண்டிய இடம் அது. இந்தப் பத்துப் பேரோ இன்னும் நலம் பெறவில்லை. கையைப் பார்த்தால் புண் அப்படியே இருக்கிறது. அந்த நிலையிலும் புறப்பட்டுப் போகிறார்கள். போகும் வழியில்தான் நோய் நீங்குகிறது என்கிறார் லூக்கா. அடையாளம் எதையும் காணும் முன்பே, சொன்னவரை நம்பி முதல் அடியை எடுத்து வைப்பதுதான் கீழ்ப்படிதல்.

இதே ஞாயிறன்று முதல் வாசகமாக வரும் நாமானின் நிகழ்விலும் (2 அரசர் 5) இதைக் காண்கிறோம். சிரியாவின் படைத்தலைவரான அவருக்கு, யோர்தானில் ஏழுமுறை மூழ்கி எழுவது மிகச் சாதாரணமாகத் தெரிந்தது, கோபித்துக்கொண்டு கிளம்பினார். பணியாளர்கள் எடுத்துச் சொன்னதால் இறங்கினார், நலம் பெற்றார்.

ஆக, அந்த ஒன்பது பேரை நாம் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் மன்றாடினார்கள், கீழ்ப்படிந்தார்கள், சொன்ன இடத்துக்கே போனார்கள். அவர்கள் நம்மைப் போன்றவர்கள். ஞாயிறு திருப்பலி தவறுவதில்லை, தவக்கால ஒறுத்தல் தவறுவதில்லை, வீட்டுச் செபமாலையும் தவறுவதில்லை. அப்படியும் ஏதோ ஒன்று குறைகிறது.

திரும்பி நடந்தவர்

ஒருவர் மட்டும் தம் உடலைப் பார்க்கிறார், நலம் பெற்றதை உணர்கிறார், திரும்புகிறார். குருவின் சான்றுக்காகவோ வீட்டைக் காண்பதற்காகவோ ஓடுவதற்கு முன், நலம் தந்தவரைத் தேடி வருகிறார். கடவுளைப் போற்றிப் புகழ்ந்துகொண்டே வந்து, இயேசுவின் காலில் விழுந்து நன்றி சொல்கிறார். அவர்தான் அந்தச் சமாரியர்.

மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார். தமக்கு மரியாதை கிடைக்கவில்லை என்ற வருத்தத்தில் அவர் அப்படிக் கேட்கவில்லை. நன்றி சொல்லாததற்காக அவர்களுக்குக் கொடுத்த நலத்தை அவர் திரும்பப் பெறவும் இல்லை. அவர்கள் கொடையோடு நின்றுவிட்டார்கள், கொடுத்தவரிடம் வந்துசேரவில்லை என்பதே அவருடைய ஏக்கம்.

லூக்கா எழுதிய கிரேக்க மூலத்தில் மூன்று வெவ்வேறு சொற்கள் வருகின்றன. பத்துப் பேரும் தூய்மையானார்கள் என்பதற்கு ஒரு சொல். அந்த ஒருவர் தாம் குணமடைந்ததைக் கண்டார் என்பதற்கு மற்றொரு சொல். இறுதியில் இயேசு அவரது நம்பிக்கையைப் பாராட்டும்போது பயன்படுத்துவது மீட்பைக் குறிக்கும் சொல். தோல் தூய்மையானது பத்துப் பேருக்கு. வாழ்வு முழுவதும் மீட்கப்பட்டது திரும்பி வந்தவருக்கு. அவர் நன்றி சொன்னதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வேரிலிருந்தே நற்கருணையைக் குறிக்கும் ‘யூக்கரிஸ்ட்’ என்ற பெயரும் பிறந்தது. ஒவ்வொரு திருப்பலியும் நாம் கூடித் திரும்பி வரும் இடம்.

பொருத்தனையை வாழ்வாக்கிய ஒரு சகோதரர்

2022ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், இதே நற்செய்தி வாசிக்கப்பட்ட ஞாயிறன்று, திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு சலேசிய அருள்சகோதரரைப் புனிதராக அறிவித்தார். அவர் பெயர் அர்த்தேமிதே சாத்தி. 1880இல் இத்தாலியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே கூலிவேலைக்குப் போனவர். 1897இல் குடும்பத்தோடு அர்ஜென்டினாவுக்குப் பிழைக்கப் போனார். குருவாகும் ஆசையோடு சலேசிய இல்லத்தில் சேர்ந்தார். அங்கே காசநோயுற்ற ஓர் இளம் குருவுக்குப் பணிவிடை செய்ததில் அந்த நோய் அவரையும் பற்றிக்கொண்டது.

சிகிச்சைக்காக வியெட்மா என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். சகாய அன்னையிடம் வேண்டிக்கொள்ளவும், நலம் பெற்றால் வாழ்நாள் முழுவதும் நோயாளருக்குப் பணிசெய்வதாகப் பொருத்தனை செய்யவும் அங்கிருந்த அருள்தந்தை ஒருவர் சொன்னார். அவர் அப்படியே செய்தார், நலம் பெற்றார். பொருத்தனையைக் காப்பாற்றினார். 40 ஆண்டுகளுக்கு மேல் மருந்தகத்திலும் மருத்துவமனையிலும் உழைத்தார். மிதிவண்டியில் ஊரெங்கும் போய் ஏழை நோயாளரைப் பார்த்தார். 1951இல் இறந்தார்.

வேலை கிடைத்தால் மெழுகுதிரி ஏற்றுகிறேன், பிள்ளை பிறந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று நாமும் பொருத்தனை செய்கிறோம். அது நல்லதுதான். ஆனால் பொருத்தனை ஒரு கணக்கு அல்ல; கொடுத்தாயிற்று, தீர்ந்தது என்று முடித்துக்கொள்வதற்கில்லை. சாத்தியின் நன்றி ஒரு நாளில் முடியவில்லை. அது அடுத்த நோயாளரின் படுக்கையருகே அவரைக் கொண்டுபோனது. மன்றாட்டிலிருந்து கீழ்ப்படிதல் பிறந்தது. கீழ்ப்படிதலில் நலம் கிடைத்தது. நன்றியோ மறுபடியும் கீழ்ப்படிதலாக மலர்ந்தது.

கேட்டது கிடைக்காதபோது

இங்கே ஒரு கேள்வி எழும். கேட்டது கிடைத்தவர் நன்றி சொல்லலாம். ஒன்பது வாரமும் நவநாளில் முழந்தாளிட்டு, கடைசியில் கணவரை அடக்கம் செய்த பெண் என்ன சொல்வார்? அவரிடம் நன்றி சொல்லும்படி நாம் போதிக்கக் கூடாது. அவரோடு அமர்ந்து அழுவதே நம் கடமை. இலாசரின் கல்லறை அருகே இயேசுவும் அழுதார். கெத்சமனியில் துன்பக்கிண்ணம் அகலவேண்டும் என்று அவர் மன்றாடியபோதும் அது அகலவில்லை.

சாத்திக்கும் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. உயிர் கிடைத்தது, ஆனால் குருவாகும் கனவு நோயோடு போயிற்று. பின்னாளில், அவர் பாடுபட்டு நடத்திய மருத்துவமனையின் கட்டடம் ஆயர் இல்லத்துக்கு இடம்விட்டு இடிக்கப்பட்டது. மனம் நொந்தார், ஆனாலும் கீழ்ப்படிந்து, நோயாளரை வேறிடத்துக்கு அழைத்துப் போய்ப் பணியைத் தொடர்ந்தார். கிடைக்காததை மறைக்காமல், கிடைத்ததை மறக்காமல் வாழ்வதும் நன்றிதான்.

இந்த வாரம் நாம்

இன்றிரவு படுக்கும் முன் குடும்பமாக அமர்ந்து, இன்று நமக்குக் கிடைத்த ஒரு நன்மையை ஒவ்வொருவரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவோம். வரும் புதன்கிழமை பெட்டியில் விண்ணப்பம் போடும்போது, எப்போதோ நிறைவேறி நாம் எழுத மறந்த ஒன்றுக்காக ஒரு நன்றிக் கடிதமும் போடுவோம். அந்த நன்மை எந்த மனிதர் வழியாக வந்ததோ, அந்த மருத்துவரையோ ஆசிரியரையோ அண்டை வீட்டாரையோ ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்ப்போம்.

மன்றாடுவோம்: இரக்கமுள்ள ஆண்டவரே, தொலைவில் நின்று நாங்கள் கூப்பிட்டபோது கேட்டீர். வழி தெரியாமல் நடந்தபோது வழியிலேயே நலம் தந்தீர். பெற்றதோடு போய்விடாமல் உம்மிடம் திரும்பி வரும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.