பிளாஷ் வெளிச்சமும் பச்சிளங் கண்களும்

உங்கள் அக்காவுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது. தொட்டிலில் கிடக்கும் அந்தப் பிஞ்சு முகத்தைப் படம் எடுக்கக் காமிராவை உயர்த்துகிறீர்கள். பாட்டி குறுக்கே கை நீட்டுகிறார். "பச்சைப் பிள்ளை கண்ணுடா! வெளிச்சம் அடிச்சா பார்வை போயிடும்!"

இந்த அச்சம் பாட்டிக்கு மட்டும் உரியதன்று. சீனாவில் மூன்று மாதக் குழந்தை ஒன்று பிளாஷ் பட்டுப் பார்வை இழந்ததாக 2015-ஆம் ஆண்டில் ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. கண் மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஏன்? நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

காமிராவின் பிளாஷில் ஒரு மின்தேக்கி உண்டு. பொத்தானை அழுத்தியதும் அதில் சேர்ந்துள்ள மின்னேற்றம், செனான் வாயு நிரம்பிய சிறு கண்ணாடிக் குழாய் வழியே ஒரே வீச்சில் பாய்கிறது. பளிச்சென்று ஒளி பிறந்து, ஏறத்தாழ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் மறைந்துவிடுகிறது.

மின்தேக்குத் திறன் 100 மைக்ரோபாரட், மின்னழுத்தம் 300 வோல்ட் என்று கொள்வோம். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தேக்குத் திறனால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் கிடைக்கும் ஆற்றல் 4.5 ஜூல். இது முழுவதும் ஒளியாக மாறுவதில்லை, மாறுவதாகவே வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் தொலைவில் அது சுமார் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விரிந்து விழும். உச்சி வெயிலோ அதே பரப்பில் விநாடிக்குச் சுமார் 1000 ஜூல் ஆற்றலைக் கொட்டுகிறது. அதாவது, வெயில் விநாடியின் இருநூறில் ஒரு பங்கு நேரத்தில் தருவதைக்கூட பிளாஷ் தருவதில்லை! கண் ஒரு முறை இமைக்கும் நேரம் இதைப் போலப் பல மடங்கு.

"காமிராவைக் கிட்டே கொண்டுபோனால்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தொலைவு பாதியானால் கண்ணில் புகும் ஒளி நான்கு மடங்காகும். ஆனால் விழித்திரையில் விழும் பிளாஷின் பிம்பமும் நான்கு மடங்கு பரப்புக்கு விரியும். ஆகவே விழித்திரையின் ஓர் இடத்தில் விழும் ஆற்றல் ஏறக்குறைய மாறாது. செல்பேசியில் இருப்பது எல்.ஈ.டி. விளக்கு. அதன் ஒளி சற்று நீடித்தாலும் செறிவு மிகக் குறைவு.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண் மருத்துவர் எப்படிச் சோதிக்கிறார் தெரியுமா? மருந்திட்டுக் கண்மணியை விரித்து, நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளியை உள்ளே செலுத்தி விழித்திரையை ஆராய்கிறார். பார்வையைக் காப்பதற்காகவே இந்தச் சோதனை!

ஆயினும் உறங்கும் குழந்தையைத் திடுக்கிட வைக்க வேண்டாம். பிளாஷைத் தோலோடு ஒட்டிப் பிடிப்பதும் கூடாது. அதன் வெப்பம் சுடலாம். கண்களுக்கு உண்மையான பகைகள் வேறு: நேராகப் பார்க்கும் சூரியனும் விளையாட்டாக அடிக்கும் லேசர் ஒளியும்.

இன்னொரு செய்தி, இதுதான் முக்கியமானது. பிளாஷ் போட்டு எடுத்த படங்களில் கண்மணி சிவப்பாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தக் குழாய்ப் படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியே அந்தச் சிவப்பு. ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். குழந்தை பக்கவாட்டில் பார்த்ததாலும் அப்படித் தெரியலாம். ஆனால் கண்புரையோ, ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயோ காரணமாக இருக்கவும் கூடும். இப்புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே வருகிறது. தொடக்கத்திலேயே கண்டால் உயிரை மட்டுமன்றிப் பல வேளைகளில் பார்வையையும் காப்பாற்றலாம். ஆகவே உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாட்டியை அருகில் உட்கார வைத்து இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பிறகு படம் எடுங்கள். எடுத்த படத்தில் குழந்தையின் சிரிப்பை ரசித்த பின், இரு கண்களையும் ஒரு முறை உற்றுப் பாருங்கள்.